பெருவிரல் மேகம்

புதுப்பேட்டைக்கு எடைக்கு வந்தது அது.
தகரப் புகைக்கூண்டு, பித்தளைக் குழல்,
கரி படிந்த வயிறு.
'எந்த வண்டியோடது?' என்றான் மஸ்தான்.
வண்டியில்லப்பா, படம் காட்டுற பெட்டி.
விக்டோரியா ராணி காலத்துச் சரக்கு.

எண்ணெய் விளக்கு எரிந்த இடத்தில்
அவன் செல்போன் டார்ச்சைச் செருகினோம்.
எதிர்க்கடை ஷட்டரில்
ஒரு கப்பல் தலைகீழாய்த் தொங்கியது,
கடல் மேலே, வானம் கீழே.
கிளாஸ் எடுக்க வந்த தேவசகாயம்
'கண்ணாடியக் கவுத்துப் போடு' என்றார்.

கவிழ்த்தோம்.
கடல் இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது.
பாய்மரத்துக்கு மேலே
வளையம் வளையமாய் ஒரு மேகம்.
கிட்டப் போய்ப் பார்த்தால்
சாயம் காயுமுன் தொட்டுத் தொலைத்த
யாரோ ஒருவரின் பெருவிரல்.
ஷட்டரில் பாதிக்கு விரிந்து கிடந்தது ரேகை.

மஸ்தான் தன் விரலைத் திருப்பிப் பார்த்தான்.
இருபது வருஷ கிரீஸும் பெட்ரோலும் தின்றது போக
வழுவழுவென்று மிச்சம்.
ரேஷன் கடை மெஷின்
இந்த மாசமும் நாலு தடவை வைக்கச் சொல்லி
நீ நீயில்லை என்று அனுப்பிவிட்டது.

பித்தளை மட்டும் ரெண்டேகால் கிலோ தேறும்.
தராசு காத்திருந்தது.
பேட்டரி நாலு சதவீதம், அணைச்சிடவா என்றேன்.

'இருக்கட்டும்' என்றான்.