பழைய எண், புதிய எண்

முகவரியில் முதலில் வகை,
பிறகு சாய்கோடு, பிறகு தலைப்பு.
மூலக்கொத்தளம் மாடி அறையில்
கரண்ட் வந்து வந்து போன ராத்திரி
இப்படி மாற்றிவைத்தேன்.
அதுவரை வெறும் எண்கள்தான்.
“ஜெயில்ல குடுக்குற நம்பர் மாரி கீது”
என்பான் சிக்கந்தர்.

மாற்றியபின் வாய்விட்டுப் படிக்கலாம்:
விளையாட்டு / வியாசர்பாடி-கேரம்-எழில்வளவன்.
ரெட்டு போட்டு ஃபாலோவும் போட்டவன்,
படத்தில், சுண்டிய விரல் நகத்தில்
போரிக் மாவு.

மூன்று வருடம் அந்த விலாசத்தில் இருந்தான்.
ஆடியில், மணலியில்,
கம்பெனித் தொட்டிக்குள் இறங்கியவன்
ஏறவில்லை.
பழைய செய்தியின் கீழே நாலு வரி சேர்த்தேன்.
விளையாட்டில் டிக்கை எடுத்து
விபத்தில் வைத்தேன்.
முகவரி தானே மாறிக்கொண்டது,
என்னைக் கேட்கவில்லை.

மறுநாள் அவன் அக்கா கௌதமி:
“தம்பி போட்டோவ காணோம்ணா.
ஊருக்கே அனுப்பி வச்ச லிங்க்கு,
தொட்டா பக்கம் இல்லைன்னுது.”

எங்கள் தெருவில் கதவுக்கு ரெண்டு எண்.
பழசு பதினாலு, புதுசு முப்பத்தொன்று.
தபால் பழசுக்கும் வரும்,
வட்டிக்காரன் ரெண்டுக்கும் வருவான்.
அதுபோல ஒரு வரி எழுதினேன்:
அங்கே கேட்டு வருபவரை
இங்கே கொண்டுவந்து விடு.

எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
கீழே மீன்பாடி வண்டி ஒன்று
பாலம் ஏறத் திணறியது.

வரியைத் தலைகீழாக்கினேன்.
விபத்தைத் தேடி வருகிறவர்கள்
விளையாட்டில் போய் இறங்கட்டும்.

சேமி என்று அழுத்தும்போது
கரண்ட் போனது.
விடிகிறவரை தெரியவில்லை
அவன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று.