பெயரில் ஒரு எழுத்து

நாற்பது நாளாய் ஒரே கேள்வி:
நீங்கள் ஏன் தாதியாக விரும்புகிறீர்கள்?
அரிசி களையும்போது பதில் சொன்னேன்.
மோட்டரைப் போட்டுவிட்டுத்
தாங்கி நிரம்பும்வரை சொன்னேன்.
கோழிகளுக்கும் சொன்னேன்.
‘சேவை’ வருகிற இடத்தில் மட்டும்
குரல் தானாகக் குனிந்துகொண்டது.
அந்த இடத்தில் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பஸ்மியா அக்கரைப்பற்றிலிருந்து
வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள்,
கதிரையில் சாய்ந்த பெரிய ஆளைப் போலத்
தொண்டையைத் தடிப்பாக்கி:
“அடுத்தது. உமது பலவீனம் என்ன?”
உயரம், என்று எழுதினேன்.
சிரிக்கிற முகங்கள் ஏழு வந்தன.

பகிடி இல்லை அது.
கேட்ட அளவுக்கு மேல் என்னிடம் இருப்பது
ஒரு நெல்மணி.
அம்மா அடிமட்டம் பிடிக்க, சுவரில்
காலையில் ஒரு பென்சில் கோடு,
பின்னேரம் அதற்குச் சற்றுக் கீழே இன்னொன்று.
நின்று நடந்தால் மனிசர் குறைவார்களாம்.
நேர்முகத்துக்கு முதல்நாள் முழுக்க
பாயில் கிடந்து உயரத்தைக் காத்தேன்.

திருக்கோவிலில் வெள்ளன பஸ்.
சீலை கமலினி ரீச்சருடையது,
ஊசி பதினொன்று, எண்ணித்தான் தந்தா.
மடியில் பைல்:
அசல் ஒரு கட்டு, கொப்பி இரண்டு கட்டு,
கிராம சேவகரைத் தேடி
மூன்று நாள் அலைந்த ஒற்றைத் தாள்.
களுவாஞ்சிக்குடியில் மீன்பெட்டி ஒன்று ஏறிற்று.
சீலைக் கரையைச் சுருட்டி முழங்காலில் வைத்தேன்.
கல்லடிப் பாலத்தில் எல்லாரும்
வாவியைப் பார்த்தார்கள்.
எனக்கு சேவைக்கு அடுத்த வசனம்
மறந்து போயிருந்தது.

“செருப்பக் கழட்டு மனே,”
அளக்கிற மனிசி சொன்னா.
மறுகா, “கொண்டைய இறக்கு.”
இறக்கினேன்.
பலகை தலையில் வந்து குந்தியது.
கனநேரம் பார்த்தா.
நெல்மணி இருந்தது. எழுதினா.

உள்ளே மூன்று பேர்.
“அப்பாட பேர்?”
தர்மகுலராசா.
“இதுல டீ. இதுல ரீ, எச்.
ரெண்டும் ஒரே ஆளா?”

கட்டாரில் இரவு வேலை முடித்து
இந்நேரம் படுத்திருக்கும் அப்பா
டீயில் பறந்து போனவர்.
என் பரீட்சைச் சான்றிதழில் ரீ, எச்.
ஒரே ஆள்தான் சேர்.
“சத்தியக்கடதாசி?”
இல்லை சேர்.
“ஒரு கிழமைக்குள்ள கொண்டு வாங்க.”

இடப்பக்கத்து மிஸ் சிங்களத்தில் ஏதோ கேட்டா.
பாதி விளங்கியது,
அந்தப் பாதிக்கு ஓமென்றேன்.
வலப்பக்கத்தவர் தலை நிமிராமலே
தாளில் ஒன்று குறித்தார்.
சரியா, வெறும் புள்ளியா,
தலைகீழாய்த் தெரியவில்லை.
“சரி, போகலாம்.”

நாலு நிமிசம்.
கதவடியில் ஒருக்கால் கிறுகினேன்.
சேர், நீங்கள் இன்னும் அதைக் கேட்கவில்லை.
வாய் வரைக்கும் வந்தது.

பஸ்மியாவுக்கு இருபது நிமிசம்.
டெங்கு கேட்டார்களாம், பலவீனம் கேட்டார்களாம்,
ஏன் என்றும் கேட்டார்களாம்.
களவெடுத்தவள் போல என்னைப் பார்த்தாள்.
பட்டிஸைப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத் தந்தாள்.
“ஒன்னட்ட என்ன கேட்ட?”
எங்கட அப்பா ஒரே ஆளாண்டு.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

பஸ்ஸின் நெற்றியில்
எங்கள் ஊரின் பெயரில் எச் இல்லை.
அதற்காக அது வேறு ஊருக்குப் போகாது.
யன்னலோரம் இருந்தேன். பாலம் வந்தபோது
சேவைக்கு அடுத்த வசனம் ஞாபகம் வந்தது,
அதைவிட நல்ல பதில் ஒன்றும் கூடவே:
அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்த இரவு
பெயர் தெரியாத ஒரு நேர்ஸ்
என்னையும் பார்த்து “சாப்பிட்டியா” என்று கேட்டது.
அதை ஏன் நாற்பது நாளும்
ஒரு கோழிக்கேனும் சொல்லவில்லை?

“எங்க?”
நிமிர்ந்து, கையை மடியில் சேர்த்து,
“வணக்கம். எனது பெயர்...”
கொண்டக்டர் ரிக்கட் மெசினைத் தட்டினார்.
“பேர் வேணாம் தங்கச்சி,
எறங்குற எடத்தச் சொல்லுங்க.”