நாற்பது நிமிடச் சலவை

என் மேசையில் எப்போதும் மழை.
பதினோரு வருடமாக ஒரே மழை.
தொப்பிக்காரர்கள், துப்பாக்கி, ஈரத் தெரு,
பக்கத்துக்கு முக்கால்வாசி கறுப்பு மை.
நான் பார்க்கும் படங்களும் அப்படித்தான்:
பேசாத ஆண்கள், புகை,
முடிவில் யாராவது ஒருவர் விழவேண்டும்.
மற்றதெல்லாம் மற்றவர்களுக்கு.

வாஷிங் மெஷின் ஜூனில் செத்தது.
மொந்தெவிதேயோவில் ஜூன் என்றால்
ஆறா கடலா என்று இன்னும் முடிவுசெய்யாத அந்த நீரிலிருந்து
காற்று எலும்பைத் தேடி வரும் மாதம்.
கொடியில் போட்ட போர்வை மூன்று நாள் காயாது.
மூட்டையைத் தோளில் ஏற்றி
வாஷிங்டன் பெரேய்ராவின் சலவைக்கடைக்குப் போனேன்.

ஆறு மெஷின், நான்கு நாற்காலி, சுவரில் ஒரு டிவி.
அதில் துருக்கி சீரியல், ஸ்பானிஷ் குரலில்.
உதடு ஒரு மொழி, ஒலி ஒரு மொழி.
முத்துக் கம்மல் மாமியார்,
கண்ணீருக்கு முன்பே வந்துவிடும் வயலின்.
"சேனலை மாற்றலாமா?"
வாஷிங்டன் மாத்தேயை உறிஞ்சியபடி
ரிமோட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

நாற்பது நிமிடம்.
துணி சுற்றுவதைப் பார்த்தேன்.
துணிக்குக் கதை இல்லை.
டிவியைப் பார்த்தேன்.

முதல் வாரம் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.
பக்கத்து நாற்காலியில் லாரி ஓட்டும் தெல்மிரா
திரும்பாமலே கேட்டாள்:
"புரியாததற்கெல்லாம் சிரிப்பாயா?"

இரண்டாம் வாரம் எண்ணத் தொடங்கினேன்,
சும்மா, கேலிக்குத்தான்.
ஒரு தவணை சலவைக்குள் பதினேழு கதவு.
கதவுக்குக் கதவு யாராவது நிற்கிறார்கள்.
ஒருத்தி, கையில் தட்டு, தட்டில் காபி.
உள்ளே அவள் பெயர் அடிபடுகிறது.
போகவும் கால் வரவில்லை, நிற்கவும் மனம் இல்லை.
காமிரா அவசரப்படவில்லை.
காபி ஆறும்வரை
அவளோடு அதுவும் நின்றது.

என் கதவுகளோ
உதைத்துத் திறப்பதற்கென்றே வரையப்பட்டவை.
கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு காது இருக்கும் என்று
பதினோரு வருடத்தில் ஒருநாளும் தோன்றவில்லை.

ஐந்தாம் வாரம் வீட்டு மெஷினைச் சரிசெய்துவிட்டார்கள்.
அழுக்கில்லாத துண்டுகளை மூட்டையில் திணித்துக்கொண்டு
செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டேன்.
"லேட்டு. தம்பிக்கு எல்லாம் தெரிந்துபோச்சு,"
என்றாள் தெல்மிரா,
எனக்காக நாற்காலியில் போட்டுவைத்த கையுறையை எடுத்தபடி.

அன்றிரவு வரைந்த பக்கத்தில் மழை இல்லை.
ஒன்பது கட்டம்.
ஒன்பதிலும் அதே நடைக்கூடம், அதே பெண்.
முதல் கட்டத்தில் ஆவி பறக்கிறது,
கடைசியில் இல்லை.
நடுவில் ஒன்றில் கட்டைவிரல் மட்டும்
தட்டின் விளிம்பை அழுத்துகிறது.
நாலு முறை என் கை தானாகத்
தொப்பி ஒன்றைத் தேடிப் போனது,
அடித்து இழுக்கவேண்டியிருந்தது.
புட்டியில் பாதி மை மிச்சம்.
வெள்ளைத்தாளை வெள்ளையாகவே விட
இத்தனை பயமா எனக்கு?

என் பதிப்பாசிரியர் எலேஸர்
பக்கத்தைத் தலைகீழாகவும் பார்த்தார்.
"செத்தது யார்?"
"யாரும் இல்லை."
"சாகப்போவது?"
"தெரியாது. காபி ஆறிவிட்டது, அவ்வளவுதான்."
ஜன்னலோரம் கொண்டுபோய் இன்னொருமுறை பார்த்தார்.
பணம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்தைத் திருப்பியும் தரவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
அந்த வயலின் இன்றைக்கும் பிடிக்கவில்லை.
மாமியாரின் கம்மல் இன்றைக்கும் கண்ணைக் குத்துகிறது.
பிடிக்காத வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்றிருந்தவள்,
நனைத்துவிட்டேன்,
சோப்பு நுரையோடு.

சீரியல் அடுத்த மாதம் முடிகிறதாம்.
அதே நேரத்துக்குச்
செம்மறியாட்டு மயிர் கத்தரிக்கும் போட்டி, நேரலை,
என்கிறான் வாஷிங்டன், ரிமோட் இருக்கும் பையைத் தட்டி.
நான் முகம் சுளித்தேன்.
வீட்டுக்கு வந்து
துவைத்து மடித்த போர்வையின் மேல்
ஒரு சொட்டு மை விட்டுவைத்தேன்.