முறைப் பட்டியல்

ஹிரோஷிமாவில் பதினெட்டு மாதம் படித்துவிட்டு
பேரையூர் சாலைப் பள்ளிக்குத் திரும்பியபோது
என் பெட்டியில் சான்றிதழ் ஒன்று,
தரை துடைக்கும் துணி நாற்பது.
மதுரை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி
ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்.
"இதையா வாங்கிட்டு வந்தீங்க?"

அங்கே மிட்சுயே சொல்லியிருந்தாள்:
அவள் வம்சத்தில் ஒருவர்
கப்பலேறிப் படிக்கப் போனாராம்.
ஏழு வருடம் கழித்து வந்திறங்கியவருக்குச்
சோற்றுக்குச் குச்சி பிடிக்கக் கை தடுமாறியதாம்.
மடியில் கரும்பலகையின் அளவுகள், பெஞ்சின் படம்.
"பலகை கப்பலில் வந்தது,
துடைக்கிற துணி எங்களது" என்று சிரித்தாள்.
பரீட்சைக்கு வரும் என்பதுபோல
நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு. முப்பத்தெட்டுப் பேர்.
வகுப்பறை, தாழ்வாரம், பலகை, கழிப்பறை:
அகரவரிசையில் முறை போட்டுக் கதவில் ஒட்டினேன்.
அகரவரிசைக்குத் தெரு தெரியாது.
எனக்குத் தெரியும்.
தெரியாததுபோல் ஒட்டினேன்.

மூன்றாம் நாள் புல்லட்டில் வந்தார் ஒருவர்.
தினத்தாளில் சுற்றிய துணியை மேசைமேல் வைத்தார்.
"படிக்கத்தான் அனுப்புறோம்."
குரலை உயர்த்தவில்லை.
"இத்தனை நாளா செஞ்ச பிள்ளைங்க இருக்குல்ல?"
தலைமையாசிரியர் காலண்டரைப் பார்த்தார்,
மின்விசிறியைப் பார்த்தார்.
"இது ஜப்பான் இல்ல டீச்சர்."

இல்லைதான்.
கழிப்பறைக்கென்று இதுவரை கைதட்டிக் கூப்பிட்டது
இரண்டே பேரை: முனியாண்டி, சோலையன்.
இதற்கு ஹிரோஷிமாவில் பாடம் இல்லை.
நான் கேட்கவும் இல்லை.
"உங்கள் ஊரில் எப்படி?" என்று பேராசிரியர் விசாரித்தபோது
"ஆள் இருக்கிறார்கள்" என்றேன்,
பிழையில்லாத ஜப்பானிய மொழியில்.

நாளை பெற்றோர் கூட்டம்.
பட்டியலில் பாதிப் பெயர்களை யாரோ சுரண்டிவிட்டார்கள்.
கழிப்பறைக்கு எதிரே என் பெயரை எழுதியிருக்கிறேன்.
அதையும் சுரண்டலாம்.

இன்று பலகை முறை சோலையனுக்கு.
நேற்றைய கணக்கு, தேதி, வருகைப் பதிவு
எல்லாம் போய்ப் பலகை வெறும் கறுப்பாயிற்று.
அவன் நிறுத்தவில்லை.
மேல்மூலைக்கு எட்டாமல் பெஞ்சை இழுத்துப்போட்டு ஏறி
மரச்சட்டத்தை, ஆணியை,
ஆணிக்குப் பின்னால் இருந்த ஒட்டடையை
துடைத்துக்கொண்டே இருக்கிறான்.
மணி அடித்து ஐந்து நிமிடம்.
ஆங்கில ஆசிரியர் வாசலில் நிற்கிறார்,
கையில் சாக்பீஸோடு.