வலது பக்கத்து ஆள்

ஸ்டியரிங் இடது பக்கம்.
ஆகவே முன்னால் ஊர்கிற லாரியைத் தாண்ட
வலது பக்கம் ஒரு ஆள் வேண்டும்,
எட்டிப் பார்த்து "போங்க" என்றோ
"இருங்க" என்றோ சொல்ல.
அது என் ஞாயிற்றுக்கிழமை வேலை.
மற்ற ஆறு நாளும் அஸ்தம்பட்டியில்
டாக்டர் கோமளவல்லியின் எலும்பு ஆஸ்பத்திரியில்
மாவுக்கட்டு போடுகிறவன்.

அறுபத்தேழாம் வருஷத்துக் கார்வெட்.
மேக்னசைட் சுரங்கத்துக்கு மிஷின் பூட்ட வந்த அமெரிக்கன்
கால் முறிந்து எங்களிடம் படுத்திருந்து
ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது.
இன்ஜின் ஏழு லிட்டராம்.
எங்கள் தெருக் கணக்கில் அரைக்குடம்.
அரைக்குடம்தான் கூத்தாடும் என்பார்கள்.
அடிவாரத்தில் அம்மா அதை மிதித்த நாளிலிருந்து
அந்தப் பழமொழியை
யாரையும் திட்ட நான் எடுத்ததில்லை.

செக்போஸ்ட்டில் சல்யூட் எனக்குத்தான் விழும்.
வலது பக்கம் இருப்பவன்தானே ஓட்டுகிறவன்.
ஆட்டுக்காரர் திட்டுவதும் என்னைத்தான்.
இரண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வேன்.
கையில் பிடிக்க
வேறொன்றும் இல்லை.

ஒன்பதாம் வளைவுக்குக் கொஞ்சம் கீழே
சிமெண்டு ஏற்றிய லாரி.
பனி.
"போங்க" என்றேன்.

பஸ் இருந்தது.

அம்மா ஒடித்த ஒடிப்பில்
உயிரெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.
வலது முன் மட்கார்டு மட்டும்
பஸ்ஸோடு ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்தது.
ஏரி வரும்வரை அம்மா வாய் திறக்கவில்லை.
அப்புறம் கேட்டார்கள்:
"நாளைக்கு எத்தனை கட்டு?"

தகரம் என்றே நினைத்திருந்தேன். இல்லை.
துணி, துணிமேல் பிசின், மறுபடி துணி.
அட, நம்ம வேலை.
ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் பின்னால்
நானே கட்டினேன்.
மூன்று வாரம் அசைக்கக் கூடாது என்று
டாக்டருக்கே சொன்னேன்.
சிவப்பு அடித்துக் காய்ந்ததும்
இடம் எனக்கே தெரியவில்லை.

பதினாறு வருஷம்.

வாங்க வந்தவர் கோவைக்காரர்.
வெள்ளைக் கையுறை, டார்ச், பிடி வைத்த குட்டிக் கண்ணாடி.
இன்ஜின் பிளாக்கில் நம்பரைப் படித்துவிட்டு
ரிசல்ட் பார்த்த பத்தாங்கிளாஸ் பையன்போல் எழுந்தார்.
பிறந்தபடியே இருக்கிறது என்றார்.
பிறகு விரல் முட்டியால் தட்டிக்கொண்டே
காரைச் சுற்றி வந்தார்.
டக். டக். டக்.
தொப்.

"இங்க உடைஞ்சிருக்கே."

அம்மா என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க அவர்கள் பட்ட பாடு
கழுத்து நரம்பில் தெரிந்தது.
"ஆமா. நான்தான் பார்க்காம ஏறிட்டேன்."

ஒன்பது லட்சம் குறைந்தது.

அந்தப் பாகத்தை வெட்டிவிட்டு
அமெரிக்காவிலிருந்து அசல் தருவிப்பேன் என்றார் அவர்.
"வெட்டினதை இங்க அனுப்பிடுங்க" என்றார்கள் அம்மா,
"எக்ஸ்ரே பேஷண்ட்கிட்டத்தான் இருக்கணும்."

கட்டுப் போடும் அறையில்
மாவு மூட்டைக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது.
கை முறிந்து வருகிற பிள்ளைகள்
அழுகையின் நடுவில் அது என்ன என்பார்கள்.
தட்டிப் பார் என்பேன்.
நல்ல கையால் தட்டிக்கொண்டே வருவார்கள்.
அந்த இடம் வந்ததும்
எல்லாப் பிள்ளையும் நிறுத்தி,
என் முகத்தைப் பார்த்து,
இன்னொரு முறை தட்டும்.