இரண்டு கை உப்பு

மூன்று நாளாய்ப் பேச்சில்லை.
காரணம் என் தம்பி ஸாஸா, அவன் கேட்ட கடன்,
அதற்கு நான் தலையாட்டிய வேகம்.
திபிலீசியின் வடகோடியில், ஒன்பதாம் மாடியில்,
காசு போட்டால் மட்டுமே ஏறும் லிஃப்டுக்கு மேலே
இரண்டு பேர் ஒரே அடுப்பில்
முறை வைத்து முகம் திருப்பிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு லோபியோ.
முந்தின ராத்திரி ஊறப்போட்ட சிவப்பு பீன்ஸ்,
மண்சட்டி, வெங்காயம், கொத்தமல்லி,
இடித்த வால்நட் ஒரு பிடி.
நான் கிளறினேன். உப்புப் போட்டேன்.
பால்கனிக்குப் போய் ஒரு சிகரெட்.
கத்துனா வந்தாள். கிளறினாள். உப்புப் போட்டாள்.
துணி மடிக்கப் போய்விட்டாள்.
கேட்டிருக்கலாம்.
கேட்க வாயைத் திறக்க வேண்டுமே.

இத்தனைக்கும் அவள் மருந்துக்கடையில்
நாள் முழுக்க நின்றுகொண்டு
முன்பின் தெரியாதவர்களிடம் சொல்கிறவள்:
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று,
மறந்துபோனால்
சேர்த்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முதல் கரண்டி.
அவள் கண் என்னைப் பார்த்தது,
அதில் தண்ணீர் நின்றது, அழுகை இல்லை.
மூன்று நாளில் அந்த வீட்டில் பிறந்த முதல் சொல்
"உப்பு."
யார் சொன்னது என்பதில் இன்றுவரை தகராறு.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, சரி.
இரண்டு தடவை உப்பிட்ட பண்டம்?
படிக்கட்டோரம் குப்பைக் குழாய் இருக்கிறது.
ஆனால் ஒரு கிலோ பீன்ஸ்.
சம்பளத்துக்கு இன்னும் ஐந்து நாள்.

அவள் தண்ணீர் ஊற்றினாள்.
கடல் கொஞ்சம் பெரிய கடலானது.
நான் உருளைக்கிழங்கை உரித்துப் போட்டேன்,
உறிஞ்சிக்கொள்ளுமாம், யாரோ சொன்னது.
கைகட்டி நின்று இருவரும் சட்டியைப் பார்த்தோம்,
பெனால்டி உதைக்கப் போகிறவனைப் பார்ப்பதுபோல்.
உறிஞ்சவில்லை.
இல்லை, உறிஞ்சியது, தனக்கு வேண்டியதை மட்டும்.
பிறகு அவளுக்கு ஒரு யோசனை:
ஊறாத பீன்ஸ் இன்னும் இரண்டு கை.
ஒரு மணி நேரம் கழித்தும்
பல்லில் கூழாங்கல்.
சட்டி மட்டும் வளர்ந்துகொண்டே போனது.
இரண்டு பேர் சாப்பாடு எட்டுப் பேருக்கு ஆகியிருந்தது,
எட்டுப் பேரும் சாப்பிட முடியாததாக.

மணி பத்தரை.
கிழங்கை மட்டும் வெளியே எடுத்தோம்.
பிட்டால் ஆவி. ஓரத்தில் உப்பு,
நடுவில் ஒன்றுமறியாத வெள்ளை மாவு.
உப்பே போடாத சோள ரொட்டியோடு
அடுப்படியில் நின்றபடியே தின்றோம்.
எட்டுக் கிழங்கு. அவள் ஐந்து.
வைத்தியத்துக்குப் போட்டது அது,
யாரும் சமைத்ததில்லை.

மறுநாளிலிருந்து ஒரு ஏற்பாடு:
உப்புப் போட்டவர்
சட்டியின் காதில் துணி கிளிப்பை மாட்ட வேண்டும்.
வியாழக்கிழமை சூப்,
கிளிப் இருந்தது, பச்சைக் கிளிப்,
உப்பு இல்லை.
போன தடவை மாட்டியதை யாரும் கழற்றவில்லை.
கழுவும்போதுகூட அது
காதணிபோல் அங்கேயே இருந்திருக்கிறது.

கிளிப் திரும்பக் கொடிக்குப் போனது.
இப்போது குரல்தான்.
குளியலறையிலிருந்து, படிக்கட்டிலிருந்து,
பல் துலக்கும் நுரையோடு,
"போட்டாச்சா?"
"போட்டாச்சு."
"எவ்வளவு?"
"பாதி. மீதி உனக்கு."
அப்படியும் போன வாரம் கத்திரிக்காய் கருகியது.
கருகலைப் பற்றி ஏற்பாடு எதுவும் இல்லை.

அந்த பீன்ஸ் இன்னும் ஃப்ரீசரில்,
ஐஸ்கிரீம் டப்பாவில், செங்கல் மாதிரி.
உப்பில்லாத குழம்புகளில்
கரண்டி கரண்டியாய்த்
தவணையில் தீர்த்துக்கொண்டிருக்கிறோம்.

நேற்று ராத்திரி விளக்கணைத்த பின்
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்
"போட்டாச்சா?" என்றாள்.
அடுப்பில் எதுவும் இல்லை.
கதவுத் தாழ்ப்பாளாக இருக்கலாம்.
தம்பி கணக்கில் பணமாகவும் இருக்கலாம்.

"எதை?" என்றேன்.