லத்தேரி கேட், மூன்று இருபது

மண்டபத்தில் கடைசி விளக்கை அணைத்தபோது
மணி இரண்டு.
மாப்பிள்ளையின் நண்பர்கள் பதினோராவது தடவை
திரும்பக் கேட்ட குத்துப்பாட்டு
என் விரல் நுனியில் இன்னும் குதித்துக்கொண்டிருந்தது.
காதுக்குள் ஒரு விசில்.
குக்கர் இல்லை, அடுப்பில்லை,
விசில் மட்டும்.

குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு டாடா ஏஸ்.
பின்னால் நான்கு பேஸ் பெட்டிகள்,
நடுவில் தார்ப்பாய் போர்த்திய முனிரத்தினம்,
அவன் வயிற்றின் மேல்
பந்தியில் கேட்டு வாங்கிய பிரியாணிப் பொட்டலம்.
முன்னால் இலியாஸ் அண்ணன், நான்,
எங்கள் நடுவே
உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்பீக்கர்.
எட்டாயிரம் வாட்ஸ் ஊருக்கு.
இந்தப் பத்து வாட்ஸ் எனக்கு.

போன வருஷம், இதே மாதிரி ஒரு விடியலில்
எப்சிபா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.
நைட் டியூட்டி முடிந்த கை, டெட்டால் வாசனை.
நூற்று நாலு, என்றாள்.
படுத்துக்கிடக்கிறவனுக்கு நூற்று நாலா?
வார்டில் இருந்தா டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.

அதனால்தான் இந்த மிக்ஸ்.
கொசப்பேட்டை அறையில் ஃபேனை நிறுத்தி
வியர்க்க வியர்க்கக் கோத்தது.
நூற்று இருபத்திரண்டில் ஏறி உட்காரும்,
வளத்தூரில் நூற்றுப் பதினெட்டு,
பாலாற்றுப் பாலத்தில் நூற்றுப் பத்து.
யாரோ மாடிப்படியில்
அவசரமில்லாமல் இறங்கி வருகிற சத்தம்.
அதன் மேல் ஒரு நீளமான சுரம்,
உதறாமல் கொடியில் போட்ட ஈரப் புடவை.

"பாட்டு எப்பப்பா வரும்?" என்றார் இலியாஸ்.
"இதான்ணா பாட்டு."
"இது பாட்டுக்கு முன்னாடி வர்றது.
நான் பாட்டக் கேக்கறேன்."

கே.வி.குப்பம்.
மூடிய டீக்கடை வாசலில் ஒரு நாய் எழுந்து
எங்களைப் பார்த்துவிட்டு
குரைக்கலாமா என்று யோசித்துப் படுத்துக்கொண்டது.
ஹை-ஹேட் நுழைந்தது, முறத்தில் உமி புரள்வதுபோல.
"வந்துட்சா?"
"வந்துனே கீதுண்ணா."
ஒரு பெண்குரல் ஒரே ஒரு சொல்லைத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டுப் போனது.
"தோ, வந்துச்சு பாரு" என்று நிமிர்ந்தவர்
அப்புறம் ஒன்றும் வராததால்
என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

லத்தேரியில் கேட் போட்டிருந்தது.
மூன்று இருபது.
என் கணக்கில் இந்தக் கேட் இல்லை.
வண்டி நிற்கிறது, மிக்ஸ் ஓடுகிறது,
ஊர் போய்ச் சேருமுன் தீர்ந்துவிடும்.
இலியாஸ் இன்ஜினை அணைத்தார்.
தண்டவாளம் முதலில் முனகியது,
பிறகு வந்தது கரி ஏற்றிய கூட்ஸ்.

அது அதன் தாளத்தில், நான் என் தாளத்தில்.
முந்தியது. பின்தங்கியது.
ஒரு பதினைந்து பெட்டிக்குச் சண்டை.
அப்புறம், யாரும் எதையும் திருப்பாமலே,
ஒவ்வொரு இடிக்கும் ஒரு இடி
சரியாக அதன் மேலேயே விழுந்தது.
ஏழு பெட்டி. எண்ணினேன்.
ஸ்டியரிங் மேல் இலியாஸின் கட்டைவிரல்
அவருக்குத் தெரியாமல் தட்டியது.
எட்டாவதில் மறுபடி விலகிப் போனார்கள்.

கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்ததும்
பின்னாலிருந்து தகரத்தைத் தட்டினான் முனிரத்தினம்,
முக்கால் தூக்கத்தில்:
"அண்ணே, ஏன் நிறுத்திட்டே?
அந்த பேஸு செமயா இருந்துச்சு.
இன்னொரு வாட்டி போடு."

இலியாஸ் சிரித்த சிரிப்பில்
வண்டி கியரிலேயே துள்ளி அணைந்தது.

விருதம்பட்டில் மிக்ஸ் தீர்ந்துவிட்டது.
யாரும் வேறெதுவும் போடச் சொல்லவில்லை.
பாலத்தில் டயர் இணைப்புகளைத் தாண்டும் சத்தம்,
கீழே மணல், கொஞ்சம் நிலா,
காதின் விசில் ஒரு கொசுவளவு சிறுத்திருந்தது.

பெட்டிகளை இறக்கிவிட்டு
படியில் உட்கார்ந்து
இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்தேன்,
அவள் காட்டிக்கொடுத்த இடத்தில்.
நாற்பத்தொன்று வரை வந்தேன்.
பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.
விட்டுப்போச்சு.

மறுபடி, ஒன்று.